வெந்நீரூற்று ஊரில் ஓர் இளவரசர்

"குதிரையில ஏறி அறியாத பிள்ளை குதிரைக்காரன்ர கதையை எழுதினா, அதை ஆர் வாசிக்கிறது?" என்று பெரியப்பா கேட்டார்.

மொன்ட்ரியாலில், லாசால் பகுதியில் ஒரு மண்டபம். உறவுக்காரப் பிள்ளை ஒன்று பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு. பெண்ணை இன்னும் மேடைக்குக் கொண்டுவரவில்லை. படக்காரர் அவளை வெளியே பனிக்குள் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். காத்திருந்த ஆண்கள் வட்ட மேசையைச் சுற்றி இருந்து ரோல்ஸ் சாப்பிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கிறாய் என்று யாரோ கேட்டார். முதுமாணிப் பட்டத்துக்காக ஒரு ஜெர்மன் இளவரசரின் வாழ்க்கையை ஆராய்கிறேன், நூற்றைம்பது வருடங்களுக்கு முந்தியவர், குதிரைப்படை அதிகாரி என்று சொன்னேன். மேசை ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தியது. அப்போதுதான் பெரியப்பா அப்படிக் கேட்டார்.

"நீங்கள் ஒரு நாளும் பிரதமரோட இருந்து சாப்பிடேல்லை, பெரியப்பா. ஆனா ஒவ்வொரு ஞாயிறும் அவரைப் பற்றித்தானே கதைக்கிறியள்," என்றேன்.

"பார், பார். உவளின்ர வாய்க்கு முதலே பட்டம் குடுத்திட்டாங்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. காகிதத் தட்டில் இருந்த ரோல்ஸை இரண்டாக்கி, நாலாக்கி, சாப்பிடாமல் வைத்திருந்தார். வீடு திரும்பும்போது காரில் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அந்த ஆள் வேதக்காரனோ?"

ஓம், கிறிஸ்தவர்தான் என்றேன். தலையாட்டினார். ஏன் கேட்டார் என்று இன்றுவரை தெரியாது.

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அப்பா எட்டாம் வகுப்பில் இருந்தபோது அவருடைய பள்ளிக்கூடத்தில் போரால் இடம்பெயர்ந்த சனங்கள் வந்து தங்கினார்கள். வகுப்பறைகளில் அடுப்பு மூட்டினார்கள். சில மாதங்களில் அவருடைய குடும்பமே இடம்பெயர்ந்தது. இங்கே வந்த பிறகு மொன்ட்ரியால்-நோரில் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் சேர்ந்தார். நான் பிறப்பதற்கு முன்பே சேர்ந்தவர், இன்னும் அங்கேதான் நிற்கிறார். பிரெஞ்சில் அவருக்குத் தெரிந்தவை மாவுக்கும் சூட்டுக்கும் இயந்திரத்துக்கும் வேண்டிய சொற்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கடிதங்களை ஏழு வயதிலிருந்து நானே வாசித்து, நானே பதில் எழுதி, கையெழுத்து வைக்கும் இடத்தை அவருக்கு விரலால் காட்டியிருக்கிறேன்.

இது எனக்குப் பெருமையாக இருந்தது. மெட்ரோவில் போகும்போது மாணவர் அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போவேன். அதற்கு ஒரு தேவையும் இல்லை. அந்தப் பெருமையோடு ஒரு பழக்கமும் சேர்ந்து வளர்ந்தது. தெரியாததை நான் யாரிடமும் கேட்கமாட்டேன். தகப்பன் வைத்தியர், தாய் வழக்கறிஞர் என்று உள்ள பிள்ளைகள் வகுப்பில் கையை உயர்த்தி, "எனக்கு இது விளங்கவில்லை" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். நான் அப்படிக் கேட்டால் வீட்டின் ஐந்தாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் வெளியே தெரிந்துவிடும் என்று நினைத்தேன். தெரியாததைப் பாடக் கொப்பியின் ஓரத்தில் குறித்துவைத்து, பிறகு நூலகத்தில் தனியாக இருந்து தேடுவேன். பெரும்பாலும் கண்டுபிடித்தும்விடுவேன். அதனால் அந்தப் பழக்கம் பிழை என்று தோன்றியதே இல்லை.

இளவரசர் எனக்குக் கிடைத்தது நூலகத்தின் நிலக்கீழ்த் தளத்தில். எங்கள் பேராசிரியர் வகுப்பு முழுவதையும் அங்கே கூட்டிக்கொண்டு போய்ப் பழைய கையெழுத்துப் பெட்டிகளைக் காட்டினார். அவற்றில் ஒன்றை ஒருவரும் தொடவில்லை. பழைய ஜெர்மன் கையெழுத்து. முள்ளுக்கம்பியைப் பிரித்து நீளமாக வைத்ததுபோல் இருக்கும். இளவரசர் தன் தமக்கைக்கு எழுதிய முன்னூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள். தமக்கையின் வழிவந்த யாரோ இந்த நகரத்தில் குடியேறி, செத்தபோது, பெட்டி பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

நான் எங்கள் போரைப் பற்றித்தான் எழுதுவேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பேராசிரியர்கூட அப்படித்தான் நினைத்தார். அதற்கு வீட்டில் கேள்வி கேட்கவேண்டும். எங்கள் வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. அப்பாவின் இடது தோளில் ஒரு தழும்பு இருக்கிறது. அது என்ன என்று சின்ன வயதில் கேட்டபோது, "அது பழசு" என்றார். அவ்வளவுதான். ஆகவே எனக்கு ஒரு உறவும் இல்லாத ஒருவரை எடுத்தேன். மாலை வகுப்பில் ஜெர்மன் படித்தேன். அந்த முள்ளுக்கம்பியை எழுத்து எழுத்தாகப் பிரிக்கப் பழகினேன். இரண்டு வருடம் போனது.

இளவரசரின் வாழ்க்கை அப்படியொன்றும் பெரிதில்லை. ஒரு சின்னஞ்சிறு சமஸ்தானம், அதில் மூன்றாவது மகன். மூத்தவருக்கு ஆட்சி, இரண்டாமவருக்குக் காடுகள், மூன்றாமவருக்குச் சீருடை. பதினொரு வயதில் படைப்பள்ளியில் விட்டார்கள். முதல் கடிதமே அங்கிருந்து வந்தது: குளிர்கிறது, மற்றப் பையன்கள் என்னை மாண்புமிகு என்று கூப்பிட்டுவிட்டு என் சப்பாத்துக்குள் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பத்தொன்பது வயதில் ஈட்டி ஏந்திய குதிரைப்படையில் அதிகாரி. காலையில் பயிற்சி, மத்தியானம் தூக்கம், மாலையில் சீட்டாட்டம். தன் குதிரைகளைப் பற்றி மனிதர்களைப் பற்றி எழுதுவதைவிட அன்பாக எழுதினார். இருபத்தாறு வயதில் ஒரு வேலியைத் தாண்டும்போது குதிரை அவர்மேல் விழுந்தது. முழங்கால் நொறுங்கியது. அதன் பிறகு அவர் மாடிப்படியில் பக்கவாட்டாகத்தான் ஏறினார்.

பிறகு பிரான்சோடு போர் வந்தது. அந்தப் போரிலிருந்து ஒரு கடிதம். பதினொரு பக்கம். அவர் எழுதியதிலேயே மிக நீளமானது அதுதான்.

மூடுபனி, உருளைக்கிழங்குத் தோட்டம், தாக்குதலுக்கு முன் குதிரைகள் சேணத்தின் கீழ் நடுங்கிய விதம் எல்லாம் அதில் இருந்தன. ஊதுகுழல்காரனின் வாயில் குண்டு பட்டதாகவும், அவன் விழும்வரை ஊதியது பாதிச் சத்தமாக வந்ததாகவும் எழுதியிருந்தார். கடைசியில், திரும்பி வரச்சொல்லி வேறொருவன் ஊதியபோது, ஆளில்லாத குதிரைகள் தாங்களாகவே ஓடி வந்து, பழக்கத்தால், தங்கள் இடத்தில் வரிசையாக நின்றன என்று எழுதியிருந்தார். "நாங்கள் ஐம்பது பேர் திரும்பினோம், நூறு குதிரைகள் நின்றன" என்பது அந்தக் கடிதத்தின் ஒரு வரி. அதைப் பிரித்து வாசித்த நாளில் நான் நூலகத்தின் கழிவறைக்குப் போய் அழுதேன். ஒரு போரில் நின்ற ஒருவர் தான் கண்டதை இப்படி ஒன்றுவிடாமல் சொல்வதை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் கட்டுரை எழுதினேன். ஒரு வரலாற்று இதழ் அதை ஏற்றுக்கொண்டது. அந்தக் கட்டுரையைப் பார்த்துத்தான் கலாநிதிப் படிப்புக்கு இடமும் நாலு வருடப் புலமைப்பரிசிலும் தந்தார்கள். தெரிவுக்குழுவின் கடிதத்தில் அப்படியே எழுதியிருந்தது. அப்பா அந்த இதழைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்க் காட்டினார். திரும்பி வந்தபோது அட்டையில் மாவு படிந்திருந்தது. பெரியப்பா வேறு இரண்டு பிரதி கேட்டார். "எங்கட பிள்ளை இப்ப வெள்ளைக்காரனுக்கே வெள்ளைக்காரன்ர சரித்திரம் படிப்பிக்குது" என்று போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாராம்.

நடுவில் ஒரு சிறு விஷயம் நடந்தது. அப்போது அது சிறிதாகத்தான் இருந்தது. எங்கள் வகுப்பில் ஜெர்மனியிலிருந்து ஒரு வருடத்துக்கு வந்த ஒரு பெண் இருந்தாள். என் கட்டுரையின் முதல் வடிவத்தை வகுப்பில் வாசித்த பிறகு, கோப்பி இயந்திரத்தின் முன்னால் நிற்கும்போது அவள் கேட்டாள்.

"படையணியின் அதிகாரிகள் பட்டியலில் உன் இளவரசர் கோட்டுக்கு மேலே இருக்கிறாரா, கீழே இருக்கிறாரா?"

பட்டியல் எனக்குத் தெரியும். ஒவ்வொரு படையணிக்கும் அதிகாரிகளின் பெயர்களை வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். அடியில் ஒரு சின்னக் கோடு, அதன் கீழே இன்னும் சில பெயர்கள். இளவரசர் கீழே இருந்தார். அந்தக் கோடு என்ன என்று எனக்குத் தெரியாது. இடம் போதாமல் கீழே போட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

"கீழே," என்றேன்.

"ஓ. அப்படியென்றால் உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்," என்றேன்.

அவள் கோப்பிக் குவளையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கொப்பியின் ஓரத்தில் நான் "கோடு?" என்று எழுதினேன். அந்த வாரம் ஒரு பரீட்சை இருந்தது. பிறகு அந்தப் பக்கத்தை நான் திருப்பவில்லை.

சனி, ஞாயிறுகளில் நான் புவாண்ட்-கிளேரில் ஒரு வெயர்ஹவுஸில் வேலை செய்கிறேன். சப்பாத்துப் பெட்டிகளை ஸ்கான் பண்ணி, அளவின்படி தட்டுகளில் அடுக்கும் வேலை. ஒரு சனிக்கிழமை மத்தியான இடைவேளையில், சாப்பாட்டு அறையில் இருந்துகொண்டு போனில் தமக்கையின் படம் ஒன்றைத் தேடினேன். செப்டெம்பரில் ஒரு கருத்தரங்கில் பேசுவதற்கு ஒரு படம் தேவைப்பட்டது. தமக்கைக்கு மூட்டுவலி. கோடைகாலத்தில் வெந்நீரூற்று உள்ள ஊர்களுக்குப் போய் மாதக்கணக்கில் தங்குவார். அப்படிப்பட்ட ஊர்களில் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வந்திருக்கும் விருந்தினர்களின் பெயரையும் பதவியையும் தங்கும் வீட்டையும் வாரந்தோறும் பட்டியலாக அச்சிட்டு விற்பார்கள். யார் வந்திருக்கிறார், யாருக்கு வணக்கம் வைக்கவேண்டும் என்று மற்ற விருந்தினர்கள் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு. அந்த ஊரின் பழைய தாள்கள் முழுவதையும் யாரோ இணையத்தில் ஏற்றியிருந்தார்கள்.

தமக்கையைத் தேடினேன். இருந்தார். "இளவரசியார், தம் சகோதரர் மாண்புமிகு இளவரசருடன், இரண்டு பணியாளர்களுடன், ஊற்றுத் தெரு, மருத்துவரின் வீட்டு முதல் மாடி." சகோதரரின் பெயருக்குப் பக்கத்தில் படையணியின் பெயரும் இருந்தது. பக்கத்தின் மேலே இருந்த திகதி, உருளைக்கிழங்குத் தோட்டத்தில் தாக்குதல் நடந்த வாரம்.

முதலில் அச்சுப்பிழை என்று நினைத்தேன். அடுத்த வாரத் தாளை எடுத்தேன். பட்டியலில் அவர்கள் இருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் ஊர்ச் செய்திகள் இருந்தன. சென்ற வாரம் புதன்கிழமை மாலை, போரில் காயப்பட்டவர்களுக்கு உதவுவதற்காக ஊற்று மண்டபத்தில் நடந்த குலுக்கலில், சீட்டுகளைத் தம் கையால் எடுத்துக்கொடுத்து மாண்புமிகு இளவரசர் விழாவைச் சிறப்பித்தார். முதல் பரிசு ஒரு வெள்ளித் தேநீர்ச் சட்டி.

புதன்கிழமை. தாக்குதல் நடந்த அதே நாள்.

என் எதிரே இருந்த பிலிப்பீன்ஸ்காரப் பெண், "உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். இடைவேளை முடிந்து மணி அடித்தது. நான் போய் ஏழாம் அளவுச் சப்பாத்துகளை எட்டாம் அளவுத் தட்டில் அடுக்கினேன். மேற்பார்வையாளர் வந்து அவற்றைத் திரும்ப எடுத்து வைத்தார்.

அன்று பின்னேரம் பேருந்தில் அந்தக் கோட்டைத் தேடினேன். மூன்று நிமிடம் எடுத்தது. கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் பெயருக்கு அதிகாரிகள். அரச குடும்பத்தவருக்கும் உடல் கெட்டவர்களுக்கும் கொடுக்கும் மரியாதை. சீருடை போடலாம், விருந்தில் இருக்கலாம், படத்துக்கு நிற்கலாம். படை போகும்போது கூடப் போகவேண்டியதில்லை. முழங்கால் நொறுங்கிய வருடத்திலேயே அவரைக் கீழே இறக்கியிருந்தார்கள். இது ஜெர்மனியில் அந்தக் காலத்தைப் படிக்கும் எந்த மாணவிக்கும் தெரிந்த விஷயம். கோப்பி இயந்திரத்தின் முன்னால் நின்றவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளிடம் நான் சொல்லியிருந்தேன்.

இன்னொன்றும் இருந்தது. பெட்டியில் மற்றெல்லாக் கடிதங்களுக்கும் உறை இருந்தது; அந்தப் பதினொரு பக்கத்துக்கு மட்டும் இல்லை. போர்க்களத் தபாலில் தொலைந்திருக்கும் என்று கட்டுரையின் அடிக்குறிப்பில் எழுதியிருந்தேன். உறையே இருந்ததில்லை. தமக்கை அடுத்த அறையில் இருந்தார். யாரோ திரும்பி வந்த வீரன் சொன்னதை வைத்துக்கொண்டு, தம்பியும் தமக்கையும் மருத்துவரின் வீட்டு மாடியில் இருந்து அந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறார்கள். மூத்த அண்ணனின் மேசையில், விருந்தினர்களின் முன்னால், தமக்கை அதை வாசித்துக் காட்டுவதற்காக. பிறகு வந்த கடிதங்களில் அதற்குச் சான்று இருந்தது. நான் அதையும் வேறு விதமாக வாசித்திருந்தேன். "நீ வாசித்தபோது அண்ணா எழுந்து நின்றாராமே" என்று ஒரு வரி. அது தம்பியின் நன்றி என்று நினைத்திருந்தேன்.

அவருடைய மிச்ச வாழ்க்கை இப்போது எனக்கு வேறாகத் தெரிந்தது. போருக்குப் பிறகு முப்பது வருடம் அவர் அண்ணனின் மாளிகையில் இரண்டு அறைகளில் இருந்தார். கலியாணம் செய்யவில்லை. காது மெல்ல மெல்ல அடைத்துப்போனது. ஒவ்வொரு வருடமும் அந்தப் புதன்கிழமையின் நினைவு நாளில் முழுச் சீருடையில் தனியாக இருந்து சாப்பிட்டார், யாரையும் கூப்பிடுவதில்லை. இறந்தவர்களுக்கான மரியாதை என்று நான் கட்டுரையில் எழுதினேன். உண்மையில் நின்ற ஒருவர் மேசைக்கு வந்து ஒரு கேள்வி கேட்டுவிடுவாரோ என்று பயந்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அதற்குச் சான்று இல்லை. சளிக்காய்ச்சலில் படுக்கையிலேயே செத்தார். சவ ஊர்வலத்தில் அவருடைய குதிரையை வெறும் சேணத்தோடு நடத்திக்கொண்டு போனார்கள்.

செவ்வாய்க்கிழமை பேராசிரியரிடம் போனேன். அவர் கியூபெக்காரர், அறுபதை நெருங்கிய பெண்மணி. அவர் என்னை நீ என்பார், நான் நீங்கள் என்பேன். இரண்டு வாரத் தாள்களையும் மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார். பிறகு சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை.

"வெள்ளித் தேநீர்ச் சட்டி," என்றார். "நல்ல கண்டுபிடிப்பு. கலாநிதி ஆய்வில் ஒரு அத்தியாயம் உனக்குக் கிடைத்துவிட்டது."

"கட்டுரை அச்சில் இருக்கிறது. அது பொய்."

"இளவரசர் பொய் சொன்னார். நீ நம்பினாய். அது வேறு."

"அந்தக் கட்டுரைக்குத்தான் புலமைப்பரிசில் தந்தார்கள்."

"செப்டெம்பரில் பதிவு செய். ஒரு வருடம் போகட்டும். பிறகு உன்னை நீயே மறுத்து இன்னொரு கட்டுரை எழுது. எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். இந்த மனிதர் இவ்வளவு காலம் காத்திருந்தவர், இன்னும் ஒரு வருடம் காத்திருக்கமாட்டாரா?"

"அந்தக் கோட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா?"

அவர் கண்ணாடியை இறக்கினார். "எனக்கு இந்த ஊரின் வரலாறு தெரியும். ஜெர்மன் படை தெரியாது. நான் உன்னிடம் அப்போதே கேட்டேனே, இதற்கு இன்னொரு ஆளின் உதவி தேவையா என்று. தேவையில்லை என்றாய்."

குற்றம் சாட்டும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. அவருக்கு ஞாபகம் இருந்தது, அவ்வளவுதான். எனக்கும் ஞாபகம் இருந்தது.

அதன் பிறகு ஐந்து நாட்கள் வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை. ஞாயிறு காலை, வேலைக்குப் போகுமுன், வீட்டில் சொன்னேன். அப்பா தேத்தண்ணியோடு மேசையில் இருந்தார். அம்மா அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்த இளவரசர் சண்டைக்குப் போகேல்லை."

"எந்த இளவரசர்?"

"நான் எழுதினவர்."

"அப்ப எங்க போனவர்?"

"சுடுதண்ணி ஊறுற ஊர் ஒண்டு. முழங்கால் நோவுக்குக் குளிக்கப் போனவர்."

அம்மா அங்கிருந்தே சொன்னார். "கண்டறியாத இளவரசன். சனம் சண்டையில சாகுது, இவர் கன்னியாச் சுடுதண்ணிக் கிணத்துக்குக் குளிக்கப் போயிருக்கிறார்."

"நீ சும்மா இரு," என்றார் அப்பா. என்னைப் பார்த்தார். "இது ஆருக்குத் தெரியும்?"

"எனக்கும் பேராசிரியருக்கும்."

"அவ என்ன சொல்லுறா?"

"இப்ப சொல்லவேண்டாமாம். பேந்து பாப்பமாம்."

"சொன்னா என்ன நடக்கும்?"

"புலமைப்பரிசில் போயிடும். இந்த வருசம் படிக்கேலாது. பேந்தும் தருவாங்களோ தெரியேல்லை."

"அப்ப சொல்லாதை." தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். "எப்பவோ செத்தவன். அவன்ர பொய்யை நீ ஏன் தூக்கிக்கொண்டு திரியிறாய்?"

 அவர் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு, மேசையைப் பார்த்தபடி, வானிலை சொல்வதுபோல் சொன்னார்.

"நான் வந்த புதுசில, முதல் அகதி விசாரணையில, நடந்ததை நடந்த மாதிரிச் சொன்னனான். ஒழுங்கா, அழாமல். அந்த மனிசி நம்பேல்லை. இவ்வளவும் நடந்த ஆள் இப்பிடி இருந்து கதைக்காது எண்டு எழுதி அனுப்பிப்போட்டா. இரண்டாந்தரம் போகேக்க லோயர் சொன்னார், கொஞ்சம் உடைஞ்சு கதையுங்கோ எண்டு. அழுதன். தந்தாங்கள்."

தோசைச் சட்டியின் சத்தம் நின்றிருந்தது. அம்மாவுக்கும் இது புதிது என்று விளங்கியது.

"அப்ப அது பொய்யோ, அப்பா?"

"சொன்னது உண்மை. அழுதது பொய். அதாலதான் நீ இங்க பிறந்தனீ."

என்ன நடந்தது என்பதை அப்போதும் அவர் சொல்லவில்லை. எப்படிச் சொன்னார் என்பதைத்தான் சொன்னார். நான் கேட்கவும் இல்லை. அந்த விசாரணை அறையில் கண்ணாடி போட்ட ஒரு பெண்ணை நினைத்துப் பார்த்தேன். கண்ணாடியைக் கற்பனையில் நான்தான் போட்டுவிட்டேன். அப்பா வறட்டுக் குரலில் சொல்வதை அவர் எழுதுகிறார், நம்பவில்லை. நான் நிலக்கீழ்த் தளத்தில் இரண்டு வருடம் இருந்து அதைத்தான் செய்திருந்தேன். அழகாகச் சொன்னவரை நம்பினேன். நூறு குதிரைகளை நம்பினேன். பக்கத்து அறையில், ஒன்றும் சொல்லாமல், தோளில் தழும்போடு ஒருவர் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்.

"நீ சொல்லத்தான் போறாய்," என்றார் அப்பா.

"ஓம்."

"ஏன்?"

 நேர்மை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாவின் முன்னால் அந்தச் சொல் சின்னதாக இருந்தது. இன்னொருவர் என்றைக்காவது கண்டுபிடித்து, இவளுக்கு இதுகூடத் தெரியவில்லை என்று சொல்வதை என்னால் பொறுக்கமுடியாது என்பதுதான் உண்மைக்கு மிக அருகில் இருந்த காரணம். அதையும் நான் சொல்லவில்லை.

"அதில என்ர பெயர் கிடக்குது, அப்பா."

"பின்னால கிடக்கிறது என்ர பெயர்," என்றார். எங்கள் ஆட்களுக்குத் தகப்பனின் பெயர்தானே குடும்பப் பெயர். "அங்க பாண் போடுற எல்லாருக்கும் காட்டினனான். அவங்களுக்கு இப்ப என்ன சொல்லுறது?"

"தெரியேல்லை."

"தெரியேல்லை எண்டு நீ சொல்லி நான் இண்டைக்குத்தான் கேக்கிறன்."

கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அன்று ஓவர்டைம். அம்மா ஆறிப்போன தோசையை என் முன்னால் வைத்தார்.

"சாப்பிடு. வேலைக்குப் பிந்தப் போறாய்."

இதனால் யாருக்கும் ஒரு நன்மையும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்த இதழை வாசிப்பவர்கள் ஒரு பெரிய பேருந்தில் அடங்குவார்கள். உருளைக்கிழங்குத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு ஒன்றும் மாறாது. புலமைப்பரிசில் பட்டியலில் எனக்கு அடுத்து நிற்பவருக்குப் போகும். அவருடைய தகப்பன் அநேகமாக எட்டாம் வகுப்போடு நின்றவராக இருக்கமாட்டார். மறுபடியும் விண்ணப்பித்தால், தன் முதல் கட்டுரையையே திரும்பப் பெற்றவள் என்ற குறிப்பு என் பெயரோடு கூடவே வரும். வெயர்ஹவுஸில் வார நாட்களுக்கும் ஆள் தேவை என்று மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார். சப்பாத்துகளின் அளவு எனக்கு இப்போது தவறுவதில்லை.

திங்கட்கிழமை காலை நூலகத்தின் இரண்டாம் மாடியில், யன்னலோரக் கணினியில் இருந்து இதழாசிரியருக்குக் கடிதம் எழுதினேன். கட்டுரையின் அடிப்படைச் சான்று பொய்யானது, இளவரசர் அந்தத் தாக்குதலில் இருக்கவில்லை, பிழை என்னுடையது, திரும்பப் பெறுகிறேன். ஐந்து வரி. இரண்டு வாரத் தாள்களையும் இணைத்தேன். அதே கடிதத்தைத் தெரிவுக்குழுவுக்கும் அனுப்பினேன். ஒரு நிமிடத்துக்குள் அங்கிருந்து ஒரு தானியங்கிப் பதில் வந்தது: எங்கள் அலுவலகம் விடுமுறைக் கால நேரப்படி இயங்குகிறது, உங்கள் செய்திக்கு நன்றி. பிறகு கீழே இறங்கி, பட்டமேற்படிப்பு அலுவலகத்தில் புலமைப்பரிசிலைக் கைவிடும் படிவத்தைக் கேட்டேன். அப்படி ஒரு படிவம் இருக்கிறதா என்று அங்கிருந்த பெண்ணுக்கே சந்தேகம். அலமாரியில் தேடி எடுத்து வந்தாள். காரணம் என்ற இடத்தில் அவர்கள் விட்டிருந்தது அரை வரி. அதில் அடங்கும் அளவுக்கு எழுதி, கையெழுத்து வைத்து, திகதி போட்டு, அவளிடம் கொடுத்துவிட்டேன்.